டிவி சப்டைட்டிலை எல்லோரும் தேடும்படி திறந்து வைப்பது எப்படி: சிக்னல் முதல் தேடல் பெட்டி வரை முழு வழிகாட்டி

2012 செப்டம்பர் 17 அன்று இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவ் தன் டிவி செய்திக் காப்பகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2009 முதல் பதிவான அமெரிக்கச் செய்தி நிகழ்ச்சிகள் மூன்றரை லட்சத்துக்கு மேல் அதில் இருந்தன, அவற்றுக்கு முன்னால் ஒரே ஒரு தேடல் பெட்டி. ஒரு சொல்லைத் தட்டினால், எந்த சேனலில், எந்த நாளில், எந்த நிமிடத்தில் அது பேசப்பட்டது என்று வரிசையாக வந்து நிற்கும். யாரும் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்ததால் கிடைத்த வசதி அல்ல இது. காது கேளாதவர்களுக்காக ஒளிபரப்போடு சேர்ந்தே வரும் கேப்ஷன் எழுத்துகளைத் தனியே பிரித்து அட்டவணைப்படுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் 5 முதலே செய்திகளைப் பதிவு செய்து வருகிறது. அங்கே பல பத்தாண்டுகளாக ஆட்கள் எழுதிய சுருக்கங்களை வைத்துத்தான் தேட முடிந்தது.

எழுத்தாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பின் ஓர் அலைவரிசை நொடிக்கு 19.39 மெகாபிட். முழுதாகப் பதிவு செய்தால் மணிக்கு 8.7 ஜிபி ஆகும். அதே ஒரு மணி நேரச் செய்தியின் பேச்சு நிமிடத்துக்கு 150 சொல் வீதம் சுமார் 9,000 சொற்கள், ஏறத்தாழ 50 கேபி. பத்து சேனலை 24 மணி நேரமும் பத்து வருடம் சேர்த்தாலும் வெறும் உரை 45 ஜிபிக்குள் அடங்கிவிடும், ஒரு பென்டிரைவ் போதும். ஆகவே இந்த வேலையில் சேமிப்பிடம் பெரிய பிரச்சினை இல்லை. நேரமும் உரிமையும்தான் கழுத்தைப் பிடிக்கும். கீழே உள்ள படிகளில் அவை இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எதைத் திறக்கப் போகிறீர்கள்?

மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். பலர் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள். அப்போது கிடைக்கும் பதிலுக்கு ஏற்ப டேட்டாபேஸையே மாற்றிக் கட்ட வேண்டி வரும்.

திறப்பதில் நான்கு நிலைகள் இருக்கின்றன. சொற்களின் எண்ணிக்கையை மட்டும் தருவது முதல் நிலை: இந்த நாளில் இந்த சேனலில் இந்தச் சொல் இத்தனை முறை. இரண்டாவது, தேடிய சொல்லைச் சுற்றி ஓரிரு வரி, அதனுடன் நேரம். மூன்றாவது முழு உரை. நான்காவது, அந்த இடத்தின் வீடியோ துண்டு. ஒவ்வொரு படி ஏறும்போதும் பயன் கொஞ்சம் கூடும், சட்ட ஆபத்து பல மடங்கு கூடும்.

அமெரிக்காவில் இதற்கு நல்ல பாடமாக ஒரு வழக்கு இருக்கிறது. டிவிஐஸ் என்ற நிறுவனம் 1,400-க்கும் மேற்பட்ட டிவி, வானொலி நிலையங்களைப் பதிவு செய்து, கேப்ஷன் வழியாகத் தேட வைத்து, பத்து நிமிடம் வரையிலான துண்டுகளைப் பார்க்கவும் தரவிறக்கவும் பகிரவும் சந்தாதாரர்களுக்கு வசதி செய்து கொடுத்தது. ஃபாக்ஸ் நியூஸ் வழக்குப் போட்டது. 2018 பிப்ரவரியில் இரண்டாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், பார்க்கும் வசதி நியாயமான பயன்பாட்டில் (உரிமையாளர் அனுமதி இல்லாமலே பயன்படுத்த அமெரிக்கச் சட்டம் தரும் விலக்கு) அடங்காது என்றது. இதில் கவனிக்க வேண்டியது, மேல்முறையீட்டில் ஃபாக்ஸ் தேடல் வசதியை எதிர்க்கவே இல்லை என்பதுதான். அதற்கு முன் 2015-இல் அதே நீதிமன்றம், கூகுள் புக்ஸ் புத்தகங்களிலிருந்து சிறு துண்டுகளைக் காட்டுவதை ஏற்றிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கண்டுபிடிக்க உதவுவது வேறு, சரக்கையே கையில் கொடுப்பது வேறு என்ற கோடு புலப்படும். செய்தி நிகழ்ச்சிகளை நூலகங்களும் காப்பகங்களும் பதிவு செய்து இரவல் தருவதற்கு அமெரிக்கச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு தனியாக இடம் விட்டிருக்கிறது. இது நூலகங்களுக்கும் காப்பகங்களுக்கும் மட்டும், மற்றவர்களுக்குப் பொருந்தாது.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 37-ஆம் பிரிவில், ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 25 வருட ஒளிபரப்பு மறுஉருவாக்க உரிமையைத் தருகிறது. நிகழ்ச்சியின் எழுத்துக்கு இருக்கும் பதிப்புரிமை அதற்கு மேல் தனி. பிரிட்டனில் கல்வி நிறுவனங்கள் உரிமம் வாங்கி, பாக்ஸ் ஆஃப் பிராட்காஸ்ட்ஸ் என்ற சேவையில் பதிவுகளை உரை வழியாகத் தேடுகின்றன. நல்ல சேவைதான், ஆனால் உள்ளே போக வளாகத்து ஐடி வேண்டும்.

என் யோசனை: முதல் இரண்டு நிலைகளைப் பொதுவில் திறங்கள். முழு உரையை ஆய்வாளர்களுக்கு, கேட்டு வாங்கும் முறையில் வையுங்கள். வீடியோவுக்குப் பதில் சேனலின் சொந்த இணையப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். ஆராய்ச்சிக்காக வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது நேரமும் எண்ணிக்கையும்தான்.

இரண்டாம் படி: எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

நாட்டுக்கு நாடு இது வேறு. அமெரிக்க அனலாக் காலத்தில் படத்தின் 21-ஆவது வரியில், திரையில் தெரியாத இடத்தில், ஒரு ஃபிரேமுக்கு இரண்டு எழுத்து வீதம் கேப்ஷன் வந்தது. டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் அந்தப் பழைய 608 வடிவத்தைப் புதிய 708 வடிவத்துக்குள் சுமந்து கொண்டு வருகிறார்கள். 1990-இல் வந்த சட்டத்தால் 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவி பெட்டிகளில் டிகோடர் கட்டாயமானது. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் கேப்ஷனையே கட்டாயமாக்கியது. இன்டர்நெட் ஆர்கைவின் காப்பகம் சாத்தியமானதே இந்தச் சட்டங்களால்தான். தேடல் பொறியியலாளர்கள் மாற்றுத்திறனாளிகளின் போராட்டத்துக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

பிரிட்டனில் டெலிடெக்ஸ்ட்டின் 888-ஆம் பக்கமாக சப்டைட்டில் இருந்தது, அது எழுத்தாகவே வரும். டிஜிட்டல் ஒளிபரப்பில் அதே சப்டைட்டில் படமாக வருகிறது. அதாவது எழுத்தின் உருவம் மட்டும் வரும், எழுத்து வராது. அதை ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்க வேண்டும். அதற்கு டெசராக்ட் என்ற திறமூல மென்பொருள் போதும். படமாக வந்தாலும் நிறத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிபிசி பேசுபவர்களை வெள்ளை, மஞ்சள், சயான், பச்சை என்று நிறத்தால் பிரித்துக் காட்டுகிறது. யார் பேசியது என்பதற்கு இலவசமாகக் கிடைக்கும் தடயம் அது.

பதிவு செய்யும்போது இரண்டு விஷயம். ஹெச்டிஎம்ஐ வயர் வழியாக கேப்ஷன் தரவு வராது. செட்டாப் பாக்ஸிலிருந்து கேப்ச்சர் கார்டு போட்டுப் பிடித்தால் கிடைப்பது படம் மட்டுமே. ஆன்டெனாவிலிருந்தோ கேபிளிலிருந்தோ ட்யூனர் வழியாக டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமை (படம், ஒலி, எழுத்து எல்லாம் சேர்ந்து வரும் மூல ஒளிபரப்புத் தரவை) அப்படியே எடுக்க வேண்டும். இரண்டாவது, இடம் மிச்சம் பிடிக்க வீடியோவைச் சுருக்குவதற்கு முன்பே எழுத்தைப் பிரித்துவிடுங்கள். அமெரிக்க கேப்ஷன் வீடியோ தரவுக்குள்ளேயே ஒட்டியிருப்பதால், சுருக்கும் மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் கழற்றிப் போட்டுவிடும்.

மூன்றாம் படி: பிரித்தெடுப்பதும் இரட்டிப்பை நீக்குவதும்

பிரித்தெடுக்க சிசிஎக்ஸ்ட்ராக்டர் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. அமெரிக்க கேப்ஷன், டெலிடெக்ஸ்ட், பட வடிவ சப்டைட்டில் மூன்றையும் கையாளும். வெளியீட்டை எஸ்ஆர்டி கோப்பாக, அதாவது வரிகளும் அவற்றின் நேரமும் உள்ள சாதாரண உரைக் கோப்பாக, வாங்கிக் கொள்ளலாம். அந்த மூலக் கோப்பை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, சுத்தம் செய்யும் வேலையை நகலில் செய்யுங்கள். சுத்தம் செய்யும் விதி பிறகு நிச்சயம் மாறும், அப்போது மூலம் வேண்டும்.

நேரலைச் செய்தியில் கேப்ஷன் கீழிருந்து மேலே உருண்டு போகும். இரண்டு அல்லது மூன்று வரி திரையில் நிற்கும். புது வரி வந்தால் பழையது மேலே தள்ளப்படும். அதைத் திரையில் தெரிகிறபடியே எழுதினால் கோப்பு இப்படி இருக்கும் (தமிழில் வைத்துக் காட்டுகிறேன்):

00:01:23,400 கடலோர மாவட்டங்களில்
00:01:25,100 கடலோர மாவட்டங்களில் / இன்று இரவு பலத்த மழை
00:01:27,000 இன்று இரவு பலத்த மழை / பெய்யும் என்று
00:01:28,600 பெய்யும் என்று / வானிலை மையம் கூறியது

இதை அப்படியே அட்டவணைக்குள் கொட்டினால் "மழை" இரண்டு முறை பேசப்பட்டதாகக் கணக்கு வரும். மூன்று வரி உருளும் சேனலில் மூன்று முறை. ஒரு சேனல் இரண்டு வரியும் இன்னொன்று மூன்று வரியும் பயன்படுத்தினால், இரண்டையும் ஒப்பிட்டு நீங்கள் போடும் வரைபடம் செய்தியைக் காட்டாது, வரி எண்ணிக்கையைத்தான் காட்டும். முந்தைய திரையின் கடைசி வரிகளும் இப்போதைய திரையின் முதல் வரிகளும் ஒன்றானால் அவற்றை நீக்கி, புதிதாக வந்த வரிக்கு மட்டும் அது தோன்றிய நேரத்தைக் கொடுங்கள். நீக்கியபின் ஒரு மணி நேரச் செய்தியில் 9,000-க்கு வெகு மேலே சொற்கள் வந்தால் இரட்டிப்பு இன்னும் போகவில்லை என்று பொருள்.

நீக்கக் கூடாததும் ஒன்று உண்டு. அமெரிக்க கேப்ஷனில் >> என்றால் பேசுபவர் மாறுகிறார், >>> என்றால் செய்தி மாறுகிறது. நிறுத்தக்குறிகளைத் துடைக்கும் அவசரத்தில் இவற்றையும் துடைத்துவிடுகிறார்கள். செய்தியைத் துண்டு துண்டாகப் பிரிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. டேட்டாபேஸில் தனிப் பத்தியாக (நெடுவரிசையாக) சேமித்து வையுங்கள்.

நான்காம் படி: நேரம்

இந்தத் தரவின் உயிரே இதில்தான். சொல் தவறாக இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார், நேரம் தவறாக இருந்தால் யாருக்கும் தெரியாது.

டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமுக்குள் இருக்கும் கடிகாரம் நொடிக்கு 90,000 தட்டு அடிக்கும், 33 பிட்டில் எண்ணும். கணக்குப் போட்டால் 26 மணி நேரம் 30 நிமிடம் ஆனதும் எண் தீர்ந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நாள் கணக்கில் நிற்காமல் பதிவு செய்பவர்களுக்கு, திடீரென்று ஒரு கட்டத்தில் எல்லா வரியும் நேற்றைய நேரத்தில் போய் உட்கார்ந்துகொள்வது இதனால்தான். மணிக்கு ஒரு கோப்பாக வெட்டி, ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தையும் சர்வரின் உண்மையான கடிகாரத்தோடு பொருத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது.

டேட்டாபேஸில் யூடிசி நேரம் (உலகப் பொது நேரம்) மட்டும். அமெரிக்காவில் நவம்பரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பும் இரவில், அதிகாலை ஒன்று முதல் இரண்டு வரையான மணி இரண்டு முறை வரும். உள்ளூர் நேரத்தில் சேமித்தவர்களிடம் அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். உள்ளூர் நேரத்தைத் திரையில் காட்டுங்கள், உள்ளே வைக்காதீர்கள்.

அடுத்தது தாமதம். நேரலையில் ஒருவர் பேசுவதைக் கேட்டு ஸ்டெனோகிராஃபரோ, மறுபடி பேசிக் கணினிக்குச் சொல்பவரோ எழுத்தாக்க வேண்டும். பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வைத்திருந்த இலக்கு 3 நொடி. அளந்து பார்த்தபோது நேரலை நிகழ்ச்சிகள் அதைத் தாண்டியே நின்றன. முன்பே பதிவான நிகழ்ச்சியில் தாமதம் இல்லை. ஆகவே ஒரே சேனலுக்குள்ளேயே மாலை நேரலையும் இரவு ஆவணப்படமும் வெவ்வேறு அளவில் விலகியிருக்கும். எல்லாவற்றிலிருந்தும் ஐந்து நொடியைக் கழித்துவிடலாம் என்ற குறுக்கு வழி எடுபடாது.

ஒலி கையில் இருந்தால் சீரமைப்பு மென்பொருளால் ஒவ்வொரு சொல்லையும் அது ஒலித்த இடத்தோடு பொருத்தலாம். 2010 முதலான சிஎன்என், ஃபாக்ஸ், எம்எஸ்என்பிசி பதிவுகளை அலசிய ஸ்டான்ஃபோர்டு குழு, ஜென்டில் என்ற திறமூலக் கருவியால் இதைச் செய்தது. ஒலி இல்லையென்றால் நேரத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் "நேரலை, சீரமைக்கப்படவில்லை" என்று குறித்துவிடுங்கள். படிப்பவருக்கு அது போதும்.

ஐந்தாம் படி: நிகழ்ச்சிப் பெயரும் விளம்பரமும்

மின்னணு நிகழ்ச்சி நிரலிலிருந்து நிகழ்ச்சிப் பெயரை எடுத்து ஒட்டுவார்கள். முக்கியச் செய்தி வெடிக்கும் நாளில் நிரல் ஒன்று சொல்லும், திரையில் வேறு ஓடும். அப்படிப்பட்ட நாட்களைத்தான் எல்லோரும் தேடுவார்கள் என்பது இதில் உள்ள வினை. பெயரை நிரலிலிருந்து வந்த தகவல் என்றே சேமியுங்கள், உறுதியான உண்மையாக வைக்க வேண்டாம்.

விளம்பரங்களுக்கும் கேப்ஷன் உண்டு. தேர்தல் காலத்தில் வேட்பாளர் பெயரைத் தேடினால் செய்தியாளர் சொன்னதும் கட்சி காசு கொடுத்துச் சொன்னதும் ஒன்றாகக் கலந்து வரும். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது இன்டர்நெட் ஆர்கைவ், ஒலியின் கைரேகையை வைத்து ஒரே விளம்பரம் எங்கெங்கே ஓடியது என்று பிடித்தது. சிறிய குழுவுக்கு எளிய வழி இது: ஒரே முப்பது நொடி உரை ஒரு வாரத்தில் பல முறை எழுத்து மாறாமல் வந்தால், விளம்பரமாக இருக்கலாம் என்று ஒரு குறி வைப்பது.

ஆறாம் படி: தேடல் அட்டவணை

ஒன்றிரண்டு சேனலுக்கு எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் மென்பொருள் தாராளமாகப் போதும். அதன் எஃப்டிஎஸ்5 பகுதியிலேயே முழு உரைத் தேடல், தரவரிசை, துண்டு காட்டுதல் எல்லாம் இருக்கின்றன. சேனல்கள் பெருகினால் எலாஸ்டிக்சர்ச் என்ற பெரிய தேடல் மென்பொருளுக்குப் போகலாம். முதல் நாளே பெரிய சர்வர் கொத்தை நிறுத்துவது காசுக்குக் கேடு.

ஒரு பதிவு என்பது எவ்வளவு நீளம்? கேப்ஷன் வரியை ஒரு பதிவாக வைத்தால், இரண்டு வரியில் உடைந்த சொற்றொடர் தேடலில் சிக்காது. "வானிலை மையம்" என்பதில் "வானிலை" மேல் வரியிலும் "மையம்" கீழ் வரியிலும் இருந்தால் முடிவு பூஜ்யம். உலகச் செய்திகளைத் திரட்டி அலசும் ஜிடெல்ட் திட்டத்தின் டெலிவிஷன் எக்ஸ்ப்ளோரர் 15 நொடித் துண்டுகளாக எண்ணுகிறது. ஒப்பிடுவதற்கு அது நல்ல அலகு. சொற்றொடர் தேடலுக்கு நான் பரிந்துரைப்பது, முழு நிகழ்ச்சியை ஒரே பதிவாக வைத்து, எத்தனையாவது சொல் எந்த நொடி என்ற பட்டியலைப் பக்கத்தில் வைப்பது. தேடல் சொல்லின் இடத்தைச் சொல்லும், பட்டியல் நேரத்தைச் சொல்லும்.

தமிழ் உரையை அட்டவணைப்படுத்தும்போது ஒரு பெரிய பள்ளம் காத்திருக்கிறது. எஃப்டிஎஸ்5-இன் வழக்கமான சொற்பிரிப்பான் யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றையே சொல்லாக எடுக்கும். நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் துணைக்குறி வகையில் இருப்பதால், அந்த இடங்களில் சொல்லை வெட்டிவிடும். "மாவட்டம்" ம, வட, டம என்று சிதறும். அமைப்பில் எம்என், எம்சி என்ற இரண்டு துணைக்குறி வகைகளையும் சேர்த்தால் சரியாகிவிடும். "கொ" போன்ற எழுத்துகளில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. உள்ளே வரும் உரையையும் தேட வரும் சொல்லையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அதற்கு மேல் வேற்றுமை உருபு. மழை, மழையால், மழைக்கு என்பதை முன்னொட்டுத் தேடலால் பிடிக்கலாம். "வீடு" என்று தேடுபவருக்கு "வீட்டில்" கிடைக்காது, "மரம்" என்றால் "மரத்தடி" கிடைக்காது. வேர்ச்சொல்லை இரண்டாவது பத்தியாகச் சேமித்து இரண்டிலும் தேடுவதே உருப்படியான தீர்வு. மூன்று மூன்று குறியாக வெட்டும் முறையும் உண்டு, ஆனால் "கை" போன்ற இரண்டு குறிச் சொற்களை அது தேடவே தேடாது.

ஏழாம் படி: கேப்ஷனே இல்லையென்றால்

தமிழ்ச் செய்தி சேனல்களில் பேச்சுக்கு வரிக்கு வரி எழுத்து வருவது அரிது. ஓடுவது கீழ்ப்பட்டைச் செய்தி, அது பேச்சின் எழுத்து வடிவம் அல்ல. ஆகவே பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகளை நம்ப வேண்டியிருக்கிறது: 2022-இல் வெளியான விஸ்பர், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் தரும் மாதிரிகள். இவற்றின் பிழை, மனிதர் தட்டும் கேப்ஷனின் பிழை போல் இருக்காது. மனிதர் விட்டுவிடுவார், விஸ்பர் இல்லாததைச் சேர்க்கும். பின்னணி இசை மட்டும் ஓடும் இடத்தில் முழு வாக்கியத்தைக் கற்பனை செய்து எழுதும், சில சமயம் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொண்டே போகும். பேச்சு இருக்கும் பகுதிகளை முதலில் வெட்டியெடுத்து அவற்றை மட்டும் கொடுங்கள். ஒருவர் "தேர்தல் கமிஷன்" என்று சொன்னதை ஓரிடத்தில் "ஆணையம்" என்று திருத்தி எழுதியிருந்தால், மாதிரி கேட்டதை அப்படியே எழுதாமல் மாற்றி எழுதுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இயந்திரம் எழுதியதையும் ஒளிபரப்பாளர் தந்ததையும் ஒரே பத்தியில் கலக்கவே கூடாது. ஒருவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைத்துவிட்டுத் தேடலுக்குத் திறப்பது விளையாட்டல்ல, அவதூறு வழக்கு வரை போகும். தேடல் முடிவிலேயே "இயந்திர எழுத்து, ஒலியோடு ஒப்பிடவும்" என்று தெரிய வேண்டும்.

எட்டாம் படி: எண்களை நேர்மையாகக் காட்டுவது

இந்தச் சேனல் இந்தச் சொல்லை 400 முறை சொன்னது என்றால் எதுவும் சொன்னதாகாது. 24 மணி நேரச் சேனலையும் அரை மணி மாலைச் செய்தியையும் ஒப்பிட வகுக்கும் எண் வேண்டும். அந்த எண் ஒளிபரப்பான மணி நேரம் அல்ல, உங்களுக்கு உரை கிடைத்த மணி நேரம். மழையில் சிக்னல் போயிருக்கும், ட்யூனர் தொங்கியிருக்கும், சேனலே கேப்ஷன் அனுப்ப மறந்திருக்கும். சேனல், தேதி, உரை கிடைத்த நிமிடங்கள் என்று மூன்று பத்தியுள்ள ஓர் அட்டவணையை முதல் நாளிலிருந்தே வெளியிடுங்கள். ஆய்வாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பெயர்களும் எண்ணைக் கெடுக்கும். லிபியாவின் கடாஃபியை ஆங்கிலத்தில் ஜி, கே, க்யூ மூன்றிலும் தொடங்கி எழுதினார்கள். ஒரே எழுத்துக் கூட்டலைத் தேடினால் ஒரு சேனல் அவரைப் பற்றிப் பேசவே இல்லை என்று தோன்றும். மாற்று எழுத்துக் கூட்டல்களின் பட்டியலை நீங்கள் வைத்திருங்கள், தேடலில் எவை சேர்ந்தன என்பதைப் பயனருக்கும் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: வெளியிடுவது

தேடல் பெட்டி மட்டும் வைத்தால் அது திறந்த தரவு ஆகாது. பத்தாயிரம் சொற்களைத் தேட வேண்டியவர் உங்கள் சர்வரைத் தட்டிக் கொண்டே இருப்பார். ஜிடெல்ட் செய்ததுபோல, ஒவ்வொரு நேரப் பகுதியிலும் ஒவ்வொரு சொல்லும் இருசொல் தொடரும் எத்தனை முறை வந்தன என்ற எண்ணிக்கைக் கோப்புகளை நாள்வாரியாக வைத்துவிடுங்கள். சாதாரண டேப் பிரித்த கோப்பு போதும். அதிலிருந்து நிகழ்ச்சியைத் திரும்பக் கட்டியெழுப்ப முடியாது என்பதால் உரிமைச் சிக்கலும் குறைவு.

உரிமத்தில் கவனம் தேவை. எண்ணிக்கைகள், நேரங்கள், உரை கிடைத்த நிமிடங்களின் அட்டவணை ஆகியவை உங்கள் உழைப்பு, சிசி0 என்று, அதாவது யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிடலாம். அடுத்தவர் பேசிய வாக்கியத்துக்கு நீங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை குத்த முடியாது. துண்டுகளுக்கு "உரிமை ஒளிபரப்பாளருடையது" என்று மட்டும் எழுதுங்கள். துண்டுகளை வரிசையாகத் தேடி முழு உரையையும் ஒட்டிவிடுவார்கள் என்பதால், ஒரு நிகழ்ச்சியிலிருந்து ஒருவருக்கு எத்தனை துண்டு என்று வரம்பு வையுங்கள். ஒளிபரப்பாகி 24 மணி நேரம் கழித்தே தேடலில் சேர்ப்பது இன்டர்நெட் ஆர்கைவ் தொடக்கத்தில் கடைப்பிடித்த முறை. சேனல்களின் சூடான செய்தி வியாபாரத்தில் கை வைக்காமல் இருக்க அது நல்ல இடைவெளி.

வெளியிட்ட கோப்பை ஒருபோதும் மேலெழுதாதீர்கள். சுத்தம் செய்யும் விதி மாறினால் புதுப் பதிப்பு எண்ணோடு முழுவதையும் மறுபடி வெளியிட்டு, பழையதையும் இருந்த இடத்திலேயே விடுங்கள். யாரோ ஒருவரின் ஆய்வேடு அதன்மேல் நிற்கும். நீக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் பதிவை அழிக்காமல் உரையை மட்டும் எடுத்துவிட்டு, சேனல், நேரம், "கோரிக்கையின்பேரில் நீக்கப்பட்டது" என்ற குறிப்பை அந்த வரியிலேயே வையுங்கள். எண்ணிக்கைக் கோப்பில் அந்த நிமிடங்கள் உரை கிடைக்காத நிமிடங்களாக மாற வேண்டும், பூஜ்யமாக அல்ல.